ஆய்வுத் தரவைத் திறந்து பகிர்வது எப்படி? சேகரிக்கும் நாள் முதல் வெளியான பிறகு வரை

"இந்த ஆய்வின் தரவு வேண்டுவோர் ஆசிரியரைத் தொடர்பு கொள்ளலாம்." ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். இது எந்த அளவுக்கு உண்மை என்று ஒரு குழு சோதித்துப் பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டது. இப்படி உறுதி சொல்லியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பித் தரவைக் கேட்டார்கள். பதில் போட்டவர்கள் 254 பேர். தரவைக் கொடுத்தவர்கள் 123 பேர். நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை.

மற்றவர்களெல்லாம் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுதும்போது மனதார எழுதியிருப்பார்கள். அப்புறம் தரவைச் சேகரித்த மாணவர் படிப்பு முடிந்து போயிருப்பார், மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கும், மடிக்கணினி பழுதாகியிருக்கும். 2 முதல் 22 ஆண்டு வரை பழைய 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு 2014இல் வெளியான இன்னொரு ஆய்வு, கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் அதன் தரவு எங்காவது மிஞ்சியிருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் வீதம் குறைவதாகக் கண்டது.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. வேறொருவருடைய முடிவை என் தரவோடு ஒப்பிட வேண்டியிருந்தது. முதல் மின்னஞ்சல் போய்ச் சேராமல் திரும்பியது. வேறு முகவரி தேடி எழுதியதற்கு "தேடிப் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்துக் கோப்பும் வந்தது. திறந்து பார்த்தால் நெடுவரிசைத் தலைப்புகள் வி1, வி2 என்று தொடங்கி வி46 வரை. வி17 எதைக் குறிக்கிறது என்று அனுப்பியவருக்கே நினைவில்லை. நல்ல மனிதர், வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே அளவுகோல்தான். நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்க வழியில்லாத ஒருவர், நாம் விட்டுச்சென்ற கோப்புகளை மட்டும் வைத்து நம் கட்டுரையின் முதல் அட்டவணையைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? முடிந்தால் தரவைப் பகிர்ந்திருக்கிறோம். முடியாவிட்டால் கோப்பை எங்கேயோ ஏற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

படி 1: எதைப் பகிர்வது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் பகிர வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும், வேலையும் தொடங்காது. கட்டுரையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு படம், ஒவ்வொரு அட்டவணை, உரைக்குள் சொன்ன ஒவ்வொரு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, எது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று எதிரே குறியுங்கள். அந்தக் கோப்புகள்தான் குறைந்தபட்சத் தொகுப்பு. எதிரே எழுத எதுவும் இல்லாத எண் ஒன்று தட்டுப்பட்டால், கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

கருவியிலிருந்து வந்த மூலத் தரவு, சுத்தம் செய்த தரவு, இரண்டுக்கும் இடையில் ஓடிய நிரல் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் கதை முழுமை. மூலத் தரவு மிகப் பெரிது என்றால் சுத்தம் செய்ததையும் நிரலையும் கொடுத்து, மூலம் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். கணினி உருவகப்படுத்தலாக இருந்தால் வெளியீட்டுக் கோப்புகளை மலைபோல் சேர்ப்பதைவிட நிரல், உள்ளீடு, மென்பொருள் பதிப்பு எண் ஆகியவற்றைக் கொடுப்பது பயனுள்ளது. வேறொருவர் வெளியிட்ட தரவைப் பயன்படுத்தியிருந்தால் அதை மறுபடி ஏற்ற வேண்டாம். அதன் முகவரியையும் எடுத்த தேதியையும் கொடுங்கள்.

கணக்குப் போட்ட விரிதாளையும் சேர்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் எழுதினார்கள். பல அரசுகளின் சிக்கன விவாதத்தில் அந்தக் கட்டுரை மேற்கோளானது. பட்டப்படிப்பு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டனுக்கு அந்த எண்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டு விரிதாளை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது தெரிந்தது. சில ஆண்டுகளின் தரவு சேராததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் சேர்ந்து கேள்விக்குள்ளாயின. கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று அச்சாகியிருந்தது; ஹெர்ண்டனும் அவருடைய இரு பேராசிரியர்களும் 2013இல் போட்ட கணக்கில் அது 2.2 சதவீதம். விரிதாள் கட்டுரையோடு கூடவே வெளியாகியிருந்தால் இதற்கு மூன்று ஆண்டு ஆகியிருக்காது.

படி 2: யாருடைய தரவு, யார் ஒப்புக்கொண்டார்கள்?

இந்தப் படியைத் தரவு சேகரிக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பலர் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் இதை நினைக்கிறார்கள்.

மனிதர்களிடம் தரவு எடுக்கிறீர்கள் என்றால் ஒப்புதல் படிவத்தைக் கவனமாகப் படியுங்கள். "ஆய்வு முடிந்ததும் எல்லாத் தகவலும் அழிக்கப்படும்", "ஆய்வுக் குழுவைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்" என்ற வரிகள் பழைய படிவங்களிலிருந்து அப்படியே நகலாகி வரும். அதில் கையெழுத்து வாங்கியாயிற்று என்றால் பகிரும் கதவு மூடியாயிற்று. கொடுத்த வாக்கை மீறுவதற்கு எந்த ஆய்விதழின் கொள்கையும் அனுமதி ஆகாது. தொடக்கத்திலேயே இப்படி எழுதலாம்: "உங்கள் பெயரும் உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்ட பின், நீங்கள் தரும் தகவல் பிற ஆய்வாளர்களும் பயன்படுத்தும்படி பொதுத் தரவுக் களஞ்சியத்தில் வைக்கப்படும்." பங்கேற்பவர் இதற்கு மட்டும் தனியாகச் சரி அல்லது வேண்டாம் என்று சொல்ல ஒரு கட்டமும் வையுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்த வரியைச் சேர்த்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது உடன் ஆசிரியர்கள். எந்தக் கோப்பு, எந்த உரிமத்தில், எப்போது வெளியாகும் என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நிதி கொடுத்த அமைப்புக்கும் நிபந்தனை இருக்கலாம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2023 ஜனவரி 25 முதல் விண்ணப்பத்தோடு தரவு மேலாண்மைத் திட்டத்தையும் கேட்கிறது. ஒரு சமூகத்தின் அறிவோ நிலமோ மரபோ தரவாகும் இடத்தில், அந்தச் சமூகத்துக்கும் முடிவில் பங்கு உண்டு என்பதை 2019இல் உருவான கேர் கோட்பாடுகள் தெளிவாகச் சொல்கின்றன. தனித்தனியாகப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கியதால் சமூகம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது.

படி 3: அடையாளத்தை நீக்குங்கள், அவசரப்படாமல்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கேட்பேன். மற்ற படிகளில் தவறினால் திருத்திக்கொள்ளலாம். ஒருவருடைய நோயோ வருமானமோ பெயரோடு வெளியே போய்விட்டால் திரும்ப வாங்க முடியாது.

பெயர், தொலைபேசி எண், முகவரியை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. லடான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000இல் காட்டியது இது: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் என்ற மூன்று மட்டுமே சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியலாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெயர் நீக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு மாநில ஆளுநரின் பதிவையே அவர் கண்டெடுத்தார்.

எனவே தனித்தனி நெடுவரிசையாகப் பார்க்காமல் சேர்த்துப் பாருங்கள். வயது, தொழில், ஊர், கல்வி இந்த நான்கும் ஒரே மாதிரி இருப்பவர்கள் உங்கள் தரவில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவரே இருந்தால், அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். வயதை ஐந்தாண்டு அல்லது பத்தாண்டு வீச்சாக மாற்றுங்கள், ஊரைப் பெரிய நிலப்பகுதியாக்குங்கள், பிறந்த தேதியை ஆண்டாக்குங்கள், அரிதான தொழிலை "பிற" என்பதில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கூட்டுக்கும் குறைந்தது ஐந்து பேராவது வரும்வரை இதைத் தொடரலாம். ஏஆர்எக்ஸ், ஓப்பன்ஏர் அமைப்பு தரும் அம்னீசியா போன்ற இலவசக் கருவிகள் இந்த எண்ணிக்கையைச் செய்து காட்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்கள் சில இருக்கின்றன. எக்செல் கோப்பில் மறைத்து வைத்த தாள்களும் நெடுவரிசைகளும். கலத்தில் ஒட்டிய குறிப்புரைகள். கோப்பின் பண்புகளில் இருக்கும் ஆசிரியர் பெயர். புகைப்படத்துக்குள் பதிந்திருக்கும் இடக் குறியீடு. "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்ற கேள்விக்கு வந்த பதில்கள், அங்கேதான் மக்கள் தங்கள் மருத்துவர் பெயரையும் மகள் பெயரையும் எழுதுகிறார்கள். இந்தக் கடைசி நெடுவரிசையை ஒரு மனிதர் வரி வரியாகப் படித்தாக வேண்டும். இதற்கு எந்தக் கருவியையும் முழுதாக நம்பாதீர்கள்.

மனிதர்கள் இல்லாத தரவிலும் ஆபத்து உண்டு. அருகிவரும் செடியோ விலங்கோ எங்கே இருக்கிறது என்று துல்லியமாக வெளியிட்டால் வேட்டைக்காரர்களுக்கு வரைபடம் கொடுத்ததாகிவிடும். பல்லுயிர்த் தரவுக்கான உலகக் களஞ்சியமான ஜிபிஐஎஃப் இதற்காகவே, இட ஆயங்களை மங்கலாக்கி வெளியிடுவது எப்படி என்ற வழிகாட்டுதல் வைத்திருக்கிறது.

சில தரவை எவ்வளவு முயன்றாலும் பாதுகாப்பாக்க முடியாது. ஆழமான நேர்காணல், முழு மரபணு வரிசை, முகம் தெரியும் காணொளி போன்றவை. அவற்றைப் பூட்டி வைத்து, விண்ணப்பித்தவரின் தகுதியைப் பார்த்துத் தரும் களஞ்சியங்கள் இருக்கின்றன: மரபணுவுக்கு டிபிகேப், ஐரோப்பிய ஜீனோம்-ஃபீனோம் காப்பகம், சமூக அறிவியலுக்கு ஐசிபிஎஸ்ஆர், யூகே டேட்டா சர்வீஸ். இது பகிர மறுப்பதாகாது. தரவு இருக்கிறது, அதன் விவரம் எல்லோருக்கும் தெரிகிறது, கேட்டால் பதில் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. தனி ஆசிரியரின் மின்னஞ்சல் பெட்டியை நம்பி இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 4: கோப்பைச் சீராக்குங்கள்

ஓர் ஏரியின் நீர்த்தரத்தை இரண்டு ஆண்டு அளந்த விரிதாள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மேலே நான்கு கலங்களை இணைத்துத் தலைப்பு. அடியில் ஒரு வெற்று வரி. தேதி சில இடத்தில் 3/4/21, சில இடத்தில் 12 மார்ச். நைட்ரேட் நெடுவரிசையில் எண்களுக்கு நடுவே "<0.5", "இல்லை", "-999", வெறுங்கலம் எல்லாம் கலந்து கிடக்கும். சந்தேகமான அளவீடுகளுக்கு மஞ்சள் நிறம். எழுதியவருக்கு எல்லாம் புரியும். வெளியாள் 3/4/21 ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பதிலேயே நின்றுவிடுவார்.

இதைச் சரிசெய்ய அதிகபட்சம் ஒரு நாள் ஆகும். ஒரு வரிசைக்கு ஓர் அளவீடு, ஒரு நெடுவரிசைக்கு ஒரு விஷயம், முதல் வரியில் மட்டும் தலைப்பு. தேதியை 2021-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் இதைத்தான் சொல்கிறது. நிறத்தால் சொன்னதை "ஐயம்" என்ற தனி நெடுவரிசையாக்கி ஆம், இல்லை என்று நிரப்புங்கள். கிடைக்காத மதிப்புக்கு ஒரே குறியைத் தேர்ந்தெடுங்கள். -999 வேண்டாம், கவனிக்காத யாராவது அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார்கள். கருவியின் அளவீட்டு எல்லைக்குக் கீழே இருந்ததும், அளக்காமலே விட்டதும் வேறுவேறு. இரண்டையும் ஒரே வெற்றுக் கலமாக்கிவிடாதீர்கள்.

பிறகு, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எளிய உரையாக வைக்கும் சிஎஸ்வி வடிவில் சேமியுங்கள். எந்த மென்பொருளிலும், இருபது ஆண்டு கழித்தும் திறக்கும். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். தமிழில் எடுத்த நேர்காணல்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பக்கத்தையாவது கண்ணால் சரிபாருங்கள். கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம். "இறுதி", "இறுதி_புதியது" என்பதற்குப் பதில் தேதியோ பதிப்பு எண்ணோ போடுங்கள்.

எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செப்ட்2 என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப் பெயர்கள் கெட்டிருந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. செப்ட்2 இப்போது செப்டின்2. உங்கள் துறையில் மரபணு இல்லாமல் இருக்கலாம். மாதிரி எண் 3-12 தேதியாவதும், 00451 என்ற குறியீடு 451 ஆவதும் எல்லாத் துறையிலும் நடக்கும்.

படி 5: ரீட்மீ கோப்பு எழுதுங்கள்

ஒரே ஒரு கோப்புக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள். எளிய உரைக் கோப்பு போதும். யார், எப்போது, எங்கே, எந்தக் கருவியால் எடுத்தார்கள், எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, எந்த நிரலை எந்த வரிசையில் ஓட்டினால் எந்தப் படம் வரும், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த உரிமம்.

அதோடு தரவு அகராதி ஒன்று. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பதிவு. மோசமான பதிவு இப்படி இருக்கும்: "வெப்பம்: வெப்பநிலை." நல்ல பதிவு இப்படி:

"நீர்_வெப்பம்: நீர்ப்பரப்பிலிருந்து 50 செ.மீ. ஆழத்தில் அளந்த வெப்பநிலை. அலகு செல்சியஸ், ஒரு தசம இடம். வெற்றுக் கலம் என்றால் அன்று கருவி வேலை செய்யவில்லை. 2021-03-14 அன்று கருவி மாற்றப்பட்டது. புதிய கருவி பழையதைவிட 0.3 பாகை கூடுதலாகக் காட்டுகிறது. இந்தக் கோப்பில் அதற்கான திருத்தம் செய்யப்படவில்லை."

கடைசி மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். கருவி மாறிய செய்தி எந்தக் கட்டுரையின் முறையியல் பகுதியிலும் வராமல் போகலாம், அளந்தவர் தலையில் மட்டும் இருக்கும். அவர் போய்விட்டால் அந்த 0.3 பாகையை யாரோ ஒருவர் பருவநிலை மாற்றம் என்று படித்துவிடலாம். குறைகளை மறைக்காமல் எழுதிய ரீட்மீயைப் பார்க்கும்போது அந்தத் தரவின் மேல் எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ஆய்வில் சம்பந்தப்படாத சக மாணவர் ஒருவரிடம் கோப்புறையைக் கொடுங்கள். முதல் அட்டவணையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் தயங்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரீட்மீயில் விடுபட்டவை அவைதாம்.

படி 6: களஞ்சியத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் உங்கள் துறைக்கென்று களஞ்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். ரீ3டேட்டா என்ற பட்டியல் தளத்தில் துறைவாரியாகத் தேடலாம். மரபணு வரிசைக்கு ஜென்பேங்க், புரத அமைப்புக்குப் புரதத் தரவு வங்கி, புவி, சூழல் அறிவியலுக்குப் பான்ஜியா, மூளைப் படங்களுக்கு ஓப்பன்நியூரோ என்று இருக்கின்றன. துறைக் களஞ்சியத்தில் தரவு எல்லோருக்கும் ஒரே வடிவில் இருக்கும், அதனால் மற்றவர்கள் தரவோடு சேர்த்துப் பயன்படும். புரதத் தரவு வங்கி 1971இல் ஏழே ஏழு புரத அமைப்புகளோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். புரத வடிவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் பாடம் கற்றது இந்தத் தொகுப்பில்தான். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொரு அமைப்பாகக் கொண்டுவந்து சேர்த்த ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களுக்கு இப்படியொரு பயன் வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

துறைக் களஞ்சியம் இல்லையென்றால் பொதுக் களஞ்சியங்கள். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் ஜெனோடோ 2013 முதல் இருக்கிறது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம். டிரையடில் கோப்புகளை ஆட்கள் பார்த்துக் குறை சொல்லித் திருத்தச் சொல்வார்கள். கட்டணம் உண்டு, சில ஆய்விதழ்களும் நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொள்கின்றன. முதல் முறை பகிர்பவருக்கு அந்தச் சரிபார்ப்பு பெரிய உதவி. ஃபிக்ஷேர், ஓஎஸ்எஃப், ஹார்வர்ட் டேட்டாவெர்ஸ் ஆகியவையும் நல்லவையே. உங்கள் நிறுவன நூலகத்துக்குச் சொந்தக் களஞ்சியம் இருந்தால் நூலகரைப் போய்ப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிஓஐ போன்ற நிரந்தர அடையாளம் தருகிறதா, உரிமத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா, பதிப்புகளைப் பராமரிக்கிறதா, நடத்தும் அமைப்பு நீண்ட நாள் நிற்குமா என்று பாருங்கள். சொந்த இணையதளமும் கூகுள் டிரைவ் இணைப்பும் இதில் தேறாது. கிட்ஹப் நிரலை எழுதிப் பராமரிக்கும் இடம், காப்பகம் ஆகாது. அங்கே வைத்தவர் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம். அதை ஜெனோடோவோடு இணைத்துவிட்டால், நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு பதிப்பின் நகலும் டிஓஐயோடு அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

ஃபேர் என்ற சொல்லை இந்த இடத்தில் நிறையக் கேள்விப்படுவீர்கள். 2016இல் வெளியான கோட்பாடுகள் அவை: தரவு கண்டுபிடிக்கும்படி, அணுகும்படி, மற்றத் தரவோடு சேரும்படி, திரும்பப் பயன்படும்படி இருக்க வேண்டும். நல்ல களஞ்சியம் முதல் இரண்டையும் ஏறக்குறையத் தானே பார்த்துக்கொள்ளும். பின் இரண்டும் படி 4, 5இல் நீங்கள் செய்த வேலையைப் பொறுத்தது.

படி 7: உரிமம்

உரிமம் போடாத தரவை மற்றவர்கள் பயன்படுத்தத் தயங்குவார்கள். பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்கள் இரண்டில் ஒன்று: எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ, அல்லது பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தச் சொல்லும் சிசி பை 4.0. டிரையடில் சிசி ஜீரோ மட்டும்தான். அதைப் பார்த்து, "அப்போது யாரும் என்னை மேற்கோள் காட்ட மாட்டார்களா?" என்று பயப்படுகிறார்கள். மேற்கோள் காட்டுவது ஆய்வுலக ஒழுக்கம். உரிமம் என்னவாக இருந்தாலும் அது மாறாது. நூறு தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கும் ஒருவருக்குச் சிசி ஜீரோ பெரிய நிம்மதி.

வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனைகளைத் தவிருங்கள். தரவைச் சேர்ப்பதும் வெட்டுவதும் மாற்றம்தானே? நிரலுக்கு எம்ஐடி, அப்பாச்சி போன்ற மென்பொருள் உரிமங்கள் பொருத்தம்.

படி 8: எப்போது, எப்படி ஏற்றுவது?

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் முன்பே களஞ்சியத்தில் வரைவுப் பதிவு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஜெனோடோவில் வெளியிடும் முன்பே டிஓஐயை ஒதுக்கி வாங்கலாம். அந்த எண்ணைக் கட்டுரையில் எழுதிவிட்டால் கடைசி நேர ஓட்டம் இல்லை. மதிப்பாய்வாளர்களுக்கு மட்டும் தெரியும் தனி இணைப்பு கொடுக்கும் வசதி டிரையட், ஃபிக்ஷேர், ஓஎஸ்எஃப் ஆகியவற்றில் உண்டு. ஆசிரியர் பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் ஆய்விதழ் என்றால் ரீட்மீயிலும் நிரலின் முதல் வரிகளிலும் கோப்புறைப் பாதைகளிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் கை தயங்கும். "என் தரவை வைத்து வேறு யாராவது எனக்கு முன்னால் கட்டுரை எழுதிவிட்டால்?" நியாயமான பயம்தான், குறிப்பாக ஆய்வுப் பட்டத்துக்கு அந்தத் தரவை நம்பியிருக்கும் மாணவருக்கு. அதற்கு வழி இருக்கிறது. இந்தக் கட்டுரைக்குத் தேவையான பகுதியை மட்டும் இப்போது வெளியிடலாம். மீதிக்குக் குறிப்பிட்ட தேதி வரை தடைக்காலம் போடலாம்; களஞ்சியமே அந்த நாளில் திறந்துவிடும். டிஓஐயில் தேதி பதிந்திருப்பதால், முதலில் எடுத்தது யார் என்பதற்கும் அது சான்று.

இதைவிட வேகமாகத் திறந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்தினர் 1996இல் பெர்முடாவில் கூடி, வரிசைப்படுத்தியதை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பதென்று ஒப்புக்கொண்டார்கள். 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானது. கட்டுரை வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. ஜனவரி 13 அன்றே மாடர்னா தடுப்பூசிக்கான வரிசை முடிவானது.

பகிர்ந்தால் உங்களுக்கும் பலன் உண்டு. மரபணு வெளிப்பாட்டுத் துறையில் தரவைத் திறந்து வைத்த கட்டுரைகள் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் மேற்கோள் பெற்றதாக 2013இல் ஒரு ஆய்வு சொன்னது. பிளாஸ், பிஎம்சி ஆய்விதழ்களைப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், களஞ்சிய இணைப்பு கொடுத்த கட்டுரைகளுக்கு அது சராசரியாக 25 சதவீதம் வரை போனது. இணைப்பு மட்டுமே காரணம் என்று இவை நிரூபிக்கவில்லை. ஒழுங்காக வேலை செய்பவர்கள்தான் பகிரவும் செய்கிறார்கள் என்றும் இருக்கலாம்.

படி 9: தரவு நிலை அறிக்கை

பிளாஸ் ஆய்விதழ்கள் 2014 மார்ச் முதல் எல்லாக் கட்டுரைக்கும் இதைக் கட்டாயமாக்கின. இப்போது பெரும்பாலான பதிப்பகங்கள் கேட்கின்றன. எழுதும்போது எங்கே, என்ன, எந்த நிபந்தனையில் என்ற மூன்றும் வரட்டும்:

"இக்கட்டுரையின் படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் அடிப்படையான தரவும் பகுப்பாய்வு நிரலும் ஜெனோடோவில் சிசி பை 4.0 உரிமத்தில் உள்ளன; டிஓஐ எண் கீழே. நேர்காணல் ஒலிப்பதிவுகள் பங்கேற்றோரின் அடையாளத்தைக் காப்பதற்காகத் திறந்து வைக்கப்படவில்லை. அவற்றைப் பெறக் களஞ்சியத்தின் அணுகல் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்."

மூடி வைத்ததற்கான காரணத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். தரவின் டிஓஐயை மேற்கோள் பட்டியலிலும் தனி உருப்படியாகச் சேருங்கள். அறிக்கையில் மட்டும் இருந்தால் மேற்கோள் எண்ணும் அமைப்புகள் அதைத் தவறவிடலாம்.

படி 10: வெளியான பிறகு

கட்டுரை அச்சானதும் களஞ்சியப் பதிவுக்குத் திரும்பிப் போய்க் கட்டுரையின் டிஓஐயைச் சேருங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தரவைக் கண்டவர் கட்டுரைக்கும், கட்டுரையைக் கண்டவர் தரவுக்கும் போக முடிய வேண்டும். ஆய்வாளருக்குத் தனி அடையாள எண் தரும் ஆர்கிட்டில் உள்ள உங்கள் கணக்கோடு பதிவை இணையுங்கள். தரவு பெரியது, பலருக்கும் பயன்படும் என்றால் சயின்டிஃபிக் டேட்டா போன்ற இதழில் தரவை மட்டும் விவரித்துத் தனிக் கட்டுரை எழுதலாம்; அதைச் சேகரித்த களப்பணியாளர்களும் ஆசிரியர்களாக வர அது நல்ல வாய்ப்பு.

ஒரு நாள் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வரலாம்: "உங்கள் கோப்பில் 212ஆம் வரிசையும் 213ஆம் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன, இரண்டு முறை பதிவாகிவிட்டதா?" படிக்கும்போது வயிற்றைக் கலக்கும். அன்றே நன்றி சொல்லிப் பதில் போடுங்கள். மூலத் தரவைத் திறந்து பாருங்கள். அவர் சொன்னது சரி என்றால் அந்த வரிசையை நீக்கி, நிரலை மறுபடி ஓட்டி, கட்டுரையின் எந்த எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியிட்ட கோப்பைப் பொதுவாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. புதிய பதிப்பாக ஏற்றுங்கள். பழைய பதிப்பு அதன் டிஓஐயோடு அப்படியே இருக்கும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான டிஓஐ புதியதைக் காட்டும். ரீட்மீயில் தேதி போட்டு எழுதுங்கள்: என்ன தவறு, என்ன மாற்றம், முடிவில் எவ்வளவு வேறுபாடு. கண்டுபிடித்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேருங்கள். கட்டுரையின் எண்கள் மாறுகின்றன என்றால், திருத்தக் குறிப்புக்கான கடிதத்தை ஆய்விதழுக்கு நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.